பந்தலில் பத்து பல்புகள்

மாலை நாலு மணிக்கு ஐஸ் பெட்டி மூன்றாவது தடவையாக முனகியது. அடியில் இருந்த மோட்டார் சுற்றப் பார்த்தது. முடியவில்லை. 'டக்' என்ற சத்தத்தோடு அடங்கியது.

முகம்மது சுல்தான் சுவிட்சை அணைத்தார். பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர். பெட்டியை அவரே செய்து வாடகைக்கு விடுகிறார். மோட்டாரின் மேல் கையை வைத்துப் பார்த்து, சூடு தாங்காமல் எடுத்துக்கொண்டார்.

"இன்னொரு மட்டம் போட்டா காயில் கருகிரும் டீச்சர்," என்றார்.

சித்ரலேகா கண்ணாடி மூடிக்குள் பார்த்தாள். அப்பாவின் நெற்றியில் காலையில் பூசிய திருநீறு ஈரத்தில் கரைந்து காதோரமாக இறங்கியிருந்தது. இரவு அடுக்கிய ஐஸ் பாளங்கள் மதியத்துக்குள் தண்ணீராகிவிட்டன. அதன் பிறகுதான் இந்தப் பெட்டி வந்தது. வந்ததிலிருந்து ஓடவில்லை.

அப்பா சிவசண்முகம் ராதாபுரம் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேற்று மாலை காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். அவர் மனைவி ஞானம்பாள் அப்போது நாக்பூரில் இருந்தாள். இளைய மகள் விஜயஸ்ரீக்கு அங்கே பிரசவம். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போது, கொஞ்சம் சீரியஸ் என்று மட்டும் சொன்னார்கள். மாப்பிள்ளை அன்று இரவே அவளை ரயிலேற்றித் தானும் கூட வந்துகொண்டிருந்தார். இனி நடுவில் எதையும் சொல்ல வழியில்லை. சென்னையில் வண்டி மாறி, நாளைக் காலையில் வந்து இறங்குவார்கள்.

பெரியப்பா நாறும்பூநாதன் உள்ளே வந்தார். அப்பாவுக்கு அண்ணன். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பெட்டியின் தலைமாட்டில் நின்றார். யாரும் சொல்லாமலே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஏட்டி சித்ரா, போதும்," என்றார். "கத்திரி வெயிலு. நாளைக்குக் காலையில இந்த மொகம் மொகமா இருக்காது. அதப் பாக்கவா அவ அம்புட்டு தூரத்துலருந்து வாரா? வெளக்கு வைக்கிறதுக்குள்ள எடுத்திருவோம்."

சித்ரலேகா தம்பியைப் பார்த்தாள். குமரகுருபரன் தரையைப் பார்த்தான். பிறகு அவள் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "வாடை வந்துட்டுக்கா," என்றான்.

அவளுக்கும் தெரிந்திருந்தது. ஊதுபத்திக் கட்டை மொத்தமாகக் கொளுத்தி வைத்திருந்தார்கள். அதையும் தாண்டி அது வந்தது.

வாசலில் மூங்கில் வெட்டும் சத்தம் கேட்டது. பாடை கட்டுகிறவர்களைப் பெரியப்பா முன்பே வரச் சொல்லியிருந்தார். கருப்பந்துறைச் சுடுகாட்டுக்கும் ஆள் போயிருந்தது. அவர் மீது கோபப்பட அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவர் அம்மாவுக்காகத்தான் சொன்னார்.

ஆனால் அம்மா வந்து இறங்கும்போது வீட்டில் சாம்பல்தான் இருக்கும். உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வருகிறவள்.

ஏன் ஓடவில்லை என்று சுல்தானிடம் கேட்டாள். மதியம் சொன்னதையே அவர் திரும்பச் சொன்னார். பெட்டியில் பழுது இல்லை. வோல்டேஜ் போதவில்லை. மோட்டார் கிளம்பும்போது மட்டும் பத்து ஆம்பியர் இழுக்கும். அந்த நேரத்தில் நூற்றெழுபது வோல்ட்டாவது நிற்க வேண்டும். இங்கே அதற்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஒருமுறை கிளம்பிவிட்டால் பிறகு கவலையில்லை.

"பந்தல் லைட்ட அமத்தினா ஓடிரும். அதான் பெரியவரு விட மாட்டேங்காரே," என்றார் குரலைத் தாழ்த்தி.

பந்தலில் பத்து பல்புகள். ஒவ்வொன்றும் இருநூறு வாட். பந்தல்காரர் முத்துமாலை நேற்று மாலை கட்டினார். இரவெல்லாம் எரிந்தன. விடிந்த பிறகும் எரிந்தன. இப்போதும், கண் கூசும் வெயிலில், ஒன்று பாக்கியில்லாமல் எரிந்துகொண்டிருந்தன. சாவு வீட்டில் ஏற்றிய விளக்கைப் பிரேதம் வெளியேறும் வரை அணைப்பதில்லை. எண்ணெய் விளக்குக்கு இருந்த வழக்கம் எப்போது பல்புக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. காலையில் முத்துமாலை, "சூரியனுக்கே வெளிச்சம் காட்டுத வீடு இதுதான் அண்ணாச்சி," என்று சொல்லிப் பார்த்தார். "நீரு வயரப் பாரும்வே," என்று பெரியப்பா வாயை அடைத்துவிட்டார்.

பெரியப்பாவுக்குக் காரணம் இருந்தது. வெகு காலத்துக்கு முன்னால், அவருடைய அத்தை இறந்து கிடந்த வீட்டில், விடிந்துவிட்டதே என்று யாரோ பல்பை அணைத்தார்கள். பதினாறு கழிவதற்குள் பெரியப்பாவின் மகன் கார்த்திகேசன் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனான். ஆற்றிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அதற்கும் இதற்கும் என்ன என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. சித்ரலேகாவும் கேட்கப்போவதில்லை.

வேறு வழிகளை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. முத்துமாலையின் ஜெனரேட்டர் திசையன்விளையில் ஒரு கல்யாணத்தில் இருந்தது. பக்கத்தில் வீடுகள் கிடையாது. சத்தம் இல்லாத இடம் வேண்டுமென்று அப்பா தெருவின் கடைசி மனையை வாங்கினார். முனையில் இருக்கும் கம்பத்திலிருந்து காலி மனைகளைத் தாண்டி மெல்லிய கம்பி ஒன்று இந்த வீட்டுக்கு மட்டும் வந்தது.

சித்ரலேகா அந்தக் கம்பியை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அதில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

பத்தாம் வகுப்புக்கு அவள் வருடா வருடம் நடத்தும் பாடம். புத்தகத்தில் கணக்கு முடியும் இடத்தில், இணைப்புக் கம்பிகளின் தடை புறக்கணிக்கத்தக்கது என்று போட்டிருக்கும். இங்கே அது ஒன்றுதான் கணக்கு.

"அண்ணே, மீட்டர் இருக்கா?" என்று சுல்தானிடம் கேட்டாள்.

அவர் பையிலிருந்து எடுத்தார். சுவிட்ச் போர்டில் செருகினார். முள் 193-இல் நின்றது.

விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு ஒருமுறை அளந்தால் கம்பியின் தடை தெரிந்துவிடும். அணைக்க முடியாது. அப்படியென்றால் சுமையைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். அவள் படுக்கையறைக்குள் போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கூடத்தில் ஒப்பாரி அறுந்தது. சித்தி ஒருத்தி மூக்கைச் சிந்தியபடி நிமிர்ந்தாள். "ஏளா, இந்நேரம் போயி சேல தேய்க்கப் போறியா?" என்றாள்.

சித்ரலேகா அதைத் திருப்பிப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியின் அடியில் 1000 வாட் என்று பொறித்திருந்தது. ப்ளக்கை மாட்டினாள். முள் கீழே இறங்கி 184-இல் நின்றது. பந்தலில் பல்புகள் ஒரு மாற்றுக் குறைந்தன. பெரியப்பா வெளியே ஓடிப்போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். அவள் ப்ளக்கைப் பிடுங்கினாள். முள் பழைய இடத்துக்குப் போனது.

கைப்பையில் ஒரு சாக்பீஸ் துண்டு கிடந்தது. சிவப்புச் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டாள்.

பல்பு ஒன்றின் தடை 264. பத்தும் பக்க இணைப்பில், அதனால் பத்தில் ஒரு பங்கு, 26. இஸ்திரிப் பெட்டி 53. பல்புகள் மட்டும் எரியும்போது ஏழேகால் ஆம்பியருக்குச் சற்று மேல். இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் பத்தேகாலுக்குச் சற்று மேல். மூன்று ஆம்பியர் கூடியதற்கு ஒன்பது வோல்ட் குறைந்திருக்கிறது. கம்பியின் தடை மூன்று ஓம்.

மூன்று ஓம். அப்பாவுக்குச் சத்தம் பிடிக்காததன் அளவு அது.

அப்படியானால் கம்பத்தில் 215 வோல்ட் இருக்கிறது. பல்புகள் ஏழேகால் ஆம்பியர் இழுத்து அதில் இருபத்திரண்டைத் தின்றுவிடுகின்றன. மோட்டார் கிளம்பும்போது இன்னொரு முப்பது போகிறது. மிஞ்சுவது நூற்று அறுபத்து சொச்சம்.

சுல்தான் அருகில் வந்து குத்தவைத்தார். தரையில் இருந்ததை மேலிருந்து கீழே படித்தார்.  கடைசி வரியின் கீழே தன் விரலால் ஒரு கோடு இழுத்தார். அவர் கேட்ட நூற்றெழுபது அந்தக் கோட்டுக்கு மேலே எங்கோ இருந்தது.

அணைக்கக் கூடாது. எரியவும் வேண்டும். குறைவாகவும் இழுக்க வேண்டும்.

அவள் இரண்டு வட்டங்கள் போட்டாள். இரண்டையும் ஒரே கோட்டில், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகச் சேர்த்தாள். தொடர் இணைப்பு. இரண்டு பல்புக்கும் சேர்த்துத் தடை 529. அப்படி ஐந்து ஜோடி. மொத்தம் 106. ஏழேகால் ஆம்பியர் இரண்டாகக் குறைகிறது. மங்கி எரியும் பல்பின் தடை கொஞ்சம் குறையும் என்பதால் அரை ஆம்பியர் கூட்டிப் போட்டாள். மோட்டாரின் பத்து. ஆகப் பன்னிரண்டரை. மூன்றால் பெருக்கினாள். 215-இலிருந்து கழித்தாள்.

177.

மறுபடியும் கழித்தாள். அதேதான் வந்தது.  

முத்துமாலையைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் கையில் கட்டிங் பிளேயரோடு கேட்டுக்கொண்டிருந்தார். "சீரியல்ல போட்டா மின்மினி கணக்கா இருக்கும் டீச்சர். பந்தலுக்கு வாரவன் எல்லாம் என்னயல்லா ஏசுவான்," என்றார்.

"ஏசினா கேட்டுக்கிடும்வே. பொட்டி ஓடணுமா வேண்டாமா?" என்றார் சுல்தான்.

பெரியப்பாவிடம் அவளே போனாள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வெயில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. மூங்கில் வெட்டி முடிந்து, பச்சை மட்டை முடைந்துகொண்டிருந்தார்கள்.

"ஒண்ணையும் அமத்தல பெரியப்பா. பத்தும் எரியும். மங்கலா எரியும்."

"எவ்வளவு மங்கலா?"

"உள்ள கம்பி செவப்பாத் தெரியும்."

அவர் யோசித்தார். "வயர மாத்துறப்ப அணையுமே," என்றார்.

 அதை அவள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. வெட்டி ஒட்டும் நேரமாவது இரண்டு பல்பும் இருட்டாகத்தான் வேண்டும். அதற்குச் சாக்பீஸால் போட ஒன்றும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவர் வீம்புக்குக் கேட்கவில்லை. அவருக்குப் பதில் வேண்டியிருந்தது. 

பெரியப்பா உள்ளே நடந்தார். அவளும் பின்னால் போனாள். அப்பாவின் தலைமாட்டில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரி கருகிக் குட்டையாகியிருந்தது. அவர் குனிந்து புதுத் திரி ஒன்றை எண்ணெயில் தோய்த்தார். பழைய சுடரில் அதைக் கொளுத்தி வைத்துவிட்டு, பழைய திரியை விரலால் வெளியே இழுத்தார். தன் தம்பிக்கு நேற்றிலிருந்து அவர்தான் இதைச் செய்துகொண்டிருந்தார். இப்போது செய்து முடித்துவிட்டு விரலில் இருந்த கரியைப் பார்த்தார்.

"திரி மாத்துறது அணைக்கிறதுல சேராது," என்றார். "ரெண்டு ரெண்டா மாத்தச் சொல்லு. மத்தது எரிஞ்சிக்கிட்டே இருக்கணும். நான் நின்னு பாக்கேன்."

அப்படியென்றால் மெயினை நிறுத்தக் கூடாது. மின்சாரம் ஓடும்போதே வேலை செய்ய வேண்டும்.  முத்துமாலை ரப்பர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். மர ஸ்டூல் மேல் ஏறினார். சுல்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"பைய லே," என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன் இருந்த மரியாதை 'வே' இப்போது நெருக்கமான 'லே' ஆகியிருந்தது.

முதல் இரண்டு பல்புகள் அணைந்தன. பெரியப்பா மற்ற எட்டையும் கண்ணால் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இரண்டும் திரும்ப வந்தபோது வெயிலில் எரிவதே தெரியவில்லை. அவர் கையை நெற்றியில் வைத்து மறைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் போய் நின்று பார்த்தார். கங்கு நிறத்தில் உள்ளே ஒரு கம்பி.

"எரியுது," என்றார்.

சித்ரலேகா உள்ளே மீட்டரின் முன்னால் இருந்தாள். 196. சற்றுப் பொறுத்து 199. ஒவ்வொரு ஜோடிக்கும் முள் மூன்று வோல்ட் ஏறியது. வாசலிலிருந்து பெரியப்பாவின் 'எரியுது' வரும். முள் ஏறும். கூடத்தில் இருந்த பெண்கள் அழுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அது நல்லதற்குத்தான் என்பது தெரிந்துவிட்டது. சேலை தேய்க்கப் போகிறாயா என்று கேட்ட சித்தி, முள் ஏறும்போதெல்லாம் தலையை ஆட்டினாள்.

208.

மோட்டார் இன்னும் ஆறவில்லை என்றார் சுல்தான். ஈரத் துணியைச் சுற்றி வைத்தார். காத்திருந்தார்கள். வெளியே பாடை தயாராகிவிட்டது. கட்டியவர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பது ஜன்னலில் தெரிந்தது. வெயில் காம்பவுண்டுச் சுவரை விட்டு ஏறிப்போய்விட்டது. குமரகுருபரன் ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். 

சுல்தான் துணியை எடுத்தார். தொட்டுப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நீங்களே போடுங்க டீச்சர்."

அவள் சுவிட்சைப் போட்டாள்.

மோட்டார் முனகியது. முள் விழுந்தது. இருநூறைத் தாண்டிக் கீழே போனது, நூற்றுத் தொண்ணூறைத் தாண்டிப் போனது, 178-க்கு வந்து நடுங்கிக்கொண்டு நின்றது. முனகல் நீண்டது.  பிறகு அந்த முனகல் ஒரு பக்கமாகப் புரண்டு சீரான இரைச்சலாக மாறியது. முள் எழுந்து இருநூறு வரை போய் அமர்ந்தது.

ஒரு வோல்ட் பிசகு.

சுல்தான் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, "அல்ஹம்துலில்லா," என்றார்.

சித்ரலேகாவுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. அப்பா கிடக்கும் கூடத்தில், அவர் தலைமாட்டில், தோள் குலுங்கச் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகிறாள் என்று நினைத்துச் சித்தி எழுந்து வந்து கட்டிக்கொண்டு பெருங்குரலெடுத்தாள். அவள் அந்தத் தோளில் முகத்தைப் புதைத்து, சிரித்து முடிக்கும் வரை இருந்தாள்.

வாசலில் பெரியப்பா பல்புகளை எண்ணினார். பத்தும் இருந்தன. பிறகு பாடை கட்டியவர்களிடம் போனார்.

"நாளைக்கு வாங்கப்பா," என்றார். "அவன் பொண்டாட்டி வந்த பொறவுதான்."

இருட்டியபோது பந்தலில் வெளிச்சம் வெந்நீர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தது போல இருந்தது. முகங்கள் செம்பு நிறமாகத் தெரிந்தன. சுல்தான் தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரை திருப்பிவிட்டார். இனி மோட்டார் தானாக நிற்காது, மறுபடி கிளம்பவும் வேண்டியிருக்காது. வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியும் போகவில்லை. பந்தல் பெஞ்சிலேயே துண்டை விரித்துக்கொண்டார். துக்கம் கேட்க வந்த டவுன்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, இந்தப் பக்கம் வோல்டேஜ் இவ்வளவு மோசமா என்றார்.

"வோல்டேஜ் இல்லவே அது," என்றார் பெரியப்பா. "எங்க சித்ரா போட்ட கணக்கு."

அவர் கேட்காமலே பெரியப்பா அதை விளக்கவும் தொடங்கினார். பாதியில் தப்பாகச் சொன்னார். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த சித்ரலேகா திருத்தவில்லை. அடுத்து வந்தவரிடமும் அவர் அதையே சொன்னார், இன்னும் தப்பாக, இன்னும் சத்தமாக.

காலையில் ஆட்டோ தெரு முனையில் திரும்பும்போதே ஞானம்பாள் பந்தலைப் பார்த்துவிட்டிருக்க வேண்டும். ஸ்டேஷனுக்குப் போயிருந்த குமரகுருபரன் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்று பிறகு சொன்னான். அவள் கேட்டுக்கு வெளியே இறங்கி நின்றாள். இரண்டு ராத்திரிப் பயணத் தூசி போல ஒரு சோர்வு முகத்தில் இருந்தது. கையில் பேத்திக்குத் தைத்ததில் மிஞ்சிய துணியோ என்னவோ, ஒரு சிறிய பூப்போட்ட துண்டு. மாப்பிள்ளை பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது.

பெரியப்பா எழுந்து ஒதுங்கினார். எல்லாரும் ஒதுங்கினார்கள். அவள் யாரையும் பார்க்காமல், செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்து விட்டுவிட்டு, உள்ளே வந்தாள்.

கண்ணாடி மூடியில் பனி படர்ந்திருந்தது. அவள் உட்கார்ந்து, அந்தத் துண்டால் அதைத் துடைத்தாள். ஒரு முகத்தின் அளவுக்கு மட்டும் துடைத்தாள். குனிந்து பார்த்தாள்.

வெளுத்த, கண் மூடிய, கறையில்லாத முகம். விடிகாலையில் சித்ரலேகா பூசிய திருநீறு மூன்று கோடும் கலையாமல் உலர்ந்திருந்தது. நரைத்த புருவத்தில் ஒரு மயிர் வழக்கம் போல மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

கூடத்தில் எல்லாரும் அவள் அழுவதற்காகக் காத்திருந்தார்கள். மோட்டாரின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஞானம்பாள் வெகு நேரம் பார்த்தாள். துடைத்த இடத்தில் மறுபடி பனி ஏறியபோது மறுபடி துடைத்தாள். பிறகு, நிமிராமலே, மூத்த மகளின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"நான் ஊருக்குப் போற அன்னைக்கு இருந்தது மாதிரியே இருக்காக," என்றாள். "எப்படிட்டி வச்சிருந்தே?"